பூமிநாதன் கார் ஆற்றில் இறங்கும்போது

ஜனவரி 9 – பெட்ரோல் 10 லிட்டர், 127 ரூபாய் – 84 கி.மீ.
ஜனவரி 18 – மேனிஃபோல்டு, முன்பணம் 400 ரூபாய்
ஜனவரி 22 – பெட்ரோல் 10 லிட்டர், 127 ரூபாய் – 102 கி.மீ.
ஜனவரி 29 – பெட்ரோல் 10 லிட்டர், 127 ரூபாய் – 101 கி.மீ.

டிக்கி மூடியின் உட்புறத்தில் சாக்பீஸால் கடைசி வரியை எழுதி முடித்த பூமிநாதன், இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று படித்தார். பிறகு கிட்டே வந்து 101-ஐ மட்டும் விரலால் அழித்துவிட்டு, அதே 101-ஐ மறுபடியும் எழுதினார். எழுதியதில் தப்பில்லை. தப்பாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால், அவருக்கு அப்படி அழித்து எழுதியாக வேண்டும்.

திருச்சுழி கார் ஸ்டாண்டில் நிற்கும் மூன்று அம்பாசிடர்களில் அவருடையது மூத்தது. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, இரண்டு பை வைத்த காக்கிச் சட்டை, கழுத்தில் கரை போட்ட துண்டு. வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்ததும் இறங்க மாட்டார். எஞ்சின் சூடு தணியும்போது டிக், டிக் என்று வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அது ஓய்ந்த பிறகுதான் டீக்கடைக்கு வருவார். டீயைக் கையில் வாங்கிய பிறகும் கண் காரின் மேலேயே இருக்கும். கண்மாய்க் கரை இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு, மூச்சுக்கூடச் சத்தமாக விடாமல் உருட்டிக்கொண்டு வருவார். அந்த நேரத்தில் பின்னால் இருப்பவர்கள் பேசினால் பிடிக்காது.

காரை அவர் மரியாதையாகத்தான் சொல்வார். "இவுகளுக்கு இன்னைக்கு மேலு சரியில்ல. காலையிலருந்து இருமுறாக."

"இருவத்தஞ்சு வருசமா என்னைய 'ஏய்'ங்கிறீக. தகர டப்பாவுக்கு 'இவுக', 'அவுக'!" என்பார் அவருடைய மனைவி முருகலட்சுமி.

அந்த வருடம், 1991-இல், ஸ்டாண்டில் எல்லோருக்கும் பேச்சு பெட்ரோல் விலைதான். முந்தின ஐப்பசியில் ஏறிய விலை இறங்கவே இல்லை. வாடகையைக் கூட்டினால் ஜனம் பஸ்ஸில் போய்விடுகிறது. கூட்டாவிட்டால் வண்டி ஓட ஓட நஷ்டம். அந்தச் சமயத்தில்தான் கோயம்புத்தூர்ப் பட்டறை ஒன்றின் ஆள் சாக்குப்பையில் சுற்றி ஒரு மேனிஃபோல்டைக் கொண்டுவந்தான். பெட்ரோலும் காற்றும் கலந்து எஞ்சினுக்குள் போகிற வளைந்த குழாய் அது. கம்பெனிக் குழாயைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடக் கிடைக்கும் என்றான். பளபளவென்று அலுமினியம், உள்வாய் பழையதைவிட அகலம். முப்பது நாள் ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால் பாக்கி நானூற்றைம்பது. பிடிக்காவிட்டால் சேதாரமில்லாமல் திருப்பி அனுப்பினால், பட்டறையில் பரிசோதித்துவிட்டு முன்பணத்தைத் திருப்புவார்கள்.

ஸ்டாண்டில் இளையவனான வீரபத்திரன் முதல் நாளே மாட்டிவிட்டான். பூமிநாதன் ஒரு வாரம் யோசித்தார். அந்த ஒரு வாரமும் வீரபத்திரனின் பானெட்டைத் திறக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அண்ணே, பொண்ணு பாக்க வந்தவுககூட இத்தனை தடவை பாக்க மாட்டாக. மாட்டுங்க, இல்லாட்டி விடுங்க" என்று அவன் அலுத்துக்கொண்டான்.

மாட்டினார். அருப்புக்கோட்டையில் சோலைச்சாமி மெக்கானிக் பட்டறையில்தான் வேலை நடந்தது. அந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காரில் எதை மாற்றினாலும், காலி வண்டியை எடுத்துக்கொண்டு நேராகப் பாலவனத்தம் போவார்கள். அங்கே ஒரு டீ. திரும்பி வந்தால் சோதனை முடிந்தது. சோலைச்சாமியும் பூமிநாதனும் அப்படியே போய் வந்தார்கள். தார் ரோட்டில் கார் வழுக்கிக்கொண்டு போனது. அறுபதைத் தாண்டியதும் எஞ்சின் பாடுகிற மாதிரி ஒரு சத்தம். "எப்படிண்ணே?" என்று சோலைச்சாமி தொடையைத் தட்டினான். பூமிநாதனுக்கும் சிரிப்பு வந்தது. மதுரைச் சவாரிகளில் கிலோமீட்டர் கூடுவது டிக்கி மூடியிலேயே தெரிந்தது.

ஆனால் தன் வீட்டுத் தெருவில் திரும்பும்போது, இரண்டாவது கியரில் மெதுவாக வருகையில், எஞ்சின் ஒருமுறை விக்கியது. மறுநாளும் விக்கியது. மூன்றாம் நாள் விக்கவில்லை. அது இன்னும் மோசம். வருமா வராதா என்று வீட்டு வாசல் வரை காதைத் தீட்டிக்கொண்டு வந்தார்.

"விக்குறாக, சோலைச்சாமி."

"யாரு?"

"இவுகதான். மெதுவாப் போறப்ப."

சோலைச்சாமி ஏறி உட்கார்ந்து எஞ்சினை உறுமவிட்டுப் பார்த்தான். விக்கவில்லை. "உங்களுக்குத்தான் விக்குது. ஒரு சொம்புத் தண்ணியக் குடிங்க. மதுரை ரோட்டுல நல்லா ஓடுதுல்ல, அப்புறம் என்ன?"

மதுரை ரோடு மட்டுமாக இருந்தால் பூமிநாதனுக்கும் ஒன்றுமில்லைதான். திருச்சுழிக்குக் கிழக்கே குண்டாறு. அக்கரைக் கிராமங்களுக்குப் பக்கத்தில் பாலம் கிடையாது. சுற்றிப் போனால் ஒரு மணி நேரம். தை பிறந்து தண்ணீர் வற்றிவிட்டால், மணலில் இறங்கித்தான் போக வேண்டும். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, முதல் கியரில், நிற்காமல், அவசரப்படாமல், ஊர்ந்து போக வேண்டும். வேகம் காட்டினால் சக்கரம் மணலைத் தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். மற்ற இரண்டு பேரும் ஆற்றில் இறங்குவதில்லை. அதனால் அக்கரையில் புளியங்குளத்தில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால், ஸ்டாண்டில் யாருடைய முறை என்று எவரும் கேட்பதில்லை. பூமிநாதன் சாவியை எடுப்பார். பதினோரு வருடங்களாக இதுதான் நடைமுறை. அக்கரையில் அவர் காரைப் 'பிள்ளைத்தாச்சி காரு' என்றே சொல்வார்கள்.

ஒருமுறை, ஆற்றின் நடுவில், பின் சீட்டில் ஒருத்தி படுத்திருக்கும்போது அந்த விக்கல் வந்தால்? இந்த நினைப்பு வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு வலது காலால் தரையை மெல்ல அழுத்தி, விட்டு, அழுத்திப் பார்த்துக்கொண்டிருப்பார். "தரைக்கு ஆக்ஸிலேட்டரு இல்ல. ரசத்த ஊத்தவா?" என்பார் முருகலட்சுமி.

கழற்றிவிடலாம் என்றால் அதற்கும் மனம் வரவில்லை. வாரம் இரண்டு தடவை மதுரைக்கு அவர் காரில் போகும் பஞ்சு வியாபாரி தங்கசாமி நாடார் நேரடியாகவே சொல்லிவிட்டார்: "வீரபத்திரன் கிலோமீட்டருக்கு முப்பது பைசா குறைச்சுக்கிடுதேன்ங்கிறான். உங்க வண்டியிலயும் அந்தக் குழாய் இருக்குல்லா? நீங்களும் குறைங்க. பழக்கத்துக்காக எத்தனை நாளைக்கு நான் கூடக் குடுக்க முடியும்?" தங்கசாமி நாடாரின் சவாரிதான் மாதா மாதம் வீட்டு அடுப்பை எரிய வைப்பது.

பிப்ரவரி 10, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூமிநாதன் மனைவியைக் கூப்பிட்டார். காரின் முன் சீட்டில் ஒரு பருத்திக்கொட்டை மூட்டை இருந்தது; பின் சீட்டின் காலடியில் இன்னொன்று.

"ஏறு. பின்னால படுத்துக்க."

"எதுக்கு?"

"முன்னால இருக்கிறது புருசன். கீழ இருக்கிறது ஆத்தாக்காரி. நீ வலியெடுத்தவ."

முருகலட்சுமி இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "பேரன் எடுக்குற வயசுல எனக்குப் பிரசவமா? தெருவுல பாத்தா என்ன சொல்வாக?"

"படுறி. பாரம் சரியா இருந்தாத்தான் தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் அவர் படுத்தார். கரை இறக்கத்தில் "அய்யோ, அம்மா" என்று ஒப்புக்கு இரண்டு குரலும் கொடுத்தார். "சும்மா இரு. சத்தம் கேக்கணும்" என்று பூமிநாதன் அதட்டினார். கார் மணலில் இறங்கியது. பத்து கஜம் நன்றாகப் போனது. ஸ்டியரிங்கில் இருந்த அவர் கை கொஞ்சம் தளர்ந்தது. நடு ஆற்றில் மணல் ஆழமாகும் இடத்தில் எஞ்சின் விக்கியது. காலை அழுத்தினார். அழுத்தியதற்குப் பதில் சொல்லாமல் ஒரு கணம் வெறுமனே இருந்தது. பிறகு பெரிதாக உறுமியது. சக்கரம் சுற்றி, மணலை வாரி இறைத்துவிட்டு, கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. எஞ்சின் நின்றது.

"இப்ப வலியெடுத்தவளே எறங்கித் தள்ளணுமாக்கும்?" என்று கேட்டபடி முருகலட்சுமி எழுந்தார். முன்பக்கம் எட்டிப் பார்த்தார். பூமிநாதன் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார்.

"உள்ள ஆளு இருந்திருந்தா?" என்றார் அவர்.

முருகலட்சுமி அதற்குமேல் கேலி பேசவில்லை. இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காரைத் தள்ள, கரையில் ஆட்டுக்கிடை போட்டிருந்தவர்களைக் கூப்பிட நடந்தார்.

மறுநாள் பழைய குழாயை மாட்டி, அதே மூட்டைகளோடு, அதே மனைவியோடு, அதே இடத்தில் இறங்கிப் பார்த்தார். எஞ்சின் முனகியது, ஆனால் விடாமல் இழுத்தது. அக்கரை ஏறி, திரும்பி இக்கரை வந்தார். பிறகு இன்னொரு தடவையும் போனார். "எனக்கு இன்னைக்கு எத்தனை பிள்ளைதான் பெறக்கணும்?" என்று முருகலட்சுமி கேட்ட பிறகுதான் நிறுத்தினார்.

சோலைச்சாமிக்கு நம்ப முடியவில்லை. "வாய் அகலம்ல, அதான் மெதுவாப் போறப்ப உறிஞ்ச மாட்டேங்குது போல" என்று தலையைச் சொறிந்தான். "நாம பாலவனத்தத்துல டீ குடிச்சோமே தவிர மணல்ல இறங்கிப் பாக்கல பாத்தீகளா!"

வீரபத்திரன் கோபமாகவே பேசினான். "மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு பிரசவ கேஸு வருது. அதுலயும் பாதி நீங்க காசு வாங்குறதில்ல. அதுக்காக மதுரைச் சவாரிய விடுவீகளா? தங்கசாமி அண்ணாச்சி என் வண்டிக்கு வந்துருவாரு. அப்புறம் என்னையக் குத்தம் சொல்லப்படாது."

"சொல்ல மாட்டேன்ப்பா."

"அக்கரைக்காரன் உங்களுக்குச் சோறு போடுவானா?"

பூமிநாதன் அவனைப் பார்த்தார், காரைப் பார்த்தார், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த வாரம் தங்கசாமி நாடார் வீரபத்திரனின் காரில் ஏறினார். ஏறும்போது பூமிநாதன் பக்கம் பார்க்காமல் செருப்பைச் சரிசெய்துகொண்டார்.

புதுக் குழாயை மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் சுற்றி, பிப்ரவரி 13-ஆம் தேதி லாரி பார்சலில் கோயம்புத்தூருக்கு அனுப்பினார். அன்று முதல் புதுக் கவலை. கழற்றும்போது ஓரத்தில் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல் விழுந்திருந்தது. அதைச் சேதாரம் என்பார்களா? என்றால் முன்பணம் போகும். பாக்கி நானூற்றைம்பதையும் கேட்பார்கள். தங்கசாமி நாடார் சவாரி கைவிட்டுப்போன மாதத்தில் அந்தப் பணத்துக்கு எங்கே போவது? பத்து நாள் கழித்து ஒரு கார்டு வந்தது: பார்சல் கிடைத்தது, பரிசோதித்து முடிவைத் தெரிவிக்கிறோம். அதற்குப் பிறகு தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார். "உங்களுக்கு இல்ல" என்று தபால்காரர் தூரத்திலேயே கையை ஆட்டப் பழகிக்கொண்டார்.

மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை, உச்சி வெயிலில், தபால்காரர் கையை ஆட்டவில்லை. நீளமான பழுப்புக் கவர். இடது மூலையில் பட்டறையின் பெயர். பூமிநாதன் அதை வாங்கி எடை பார்ப்பதுபோல் உள்ளங்கையில் வைத்திருந்தார். வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒன்றும் தெரியவில்லை.

"பிரிங்கண்ணே. பிரிச்சாத்தான எழுத்துத் தெரியும்" என்றான் வீரபத்திரன். அவனுக்கே படபடப்பாக இருந்தது.

பூமிநாதன் கவரின் ஓரத்தைக் கிழிக்கப் போகையில், புளியங்குளம் சுந்தரபாண்டி சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. "மாமா, அவளுக்கு வலி எடுத்துருச்சு. விடியக்காலையிலருந்து. மருத்துவச்சி கைய விரிச்சுட்டா. அத்தை உங்களக் கையோட கூட்டியாரச் சொல்லுச்சு."

கவர் சட்டைப்பைக்குப் போனது.

அக்கரை போய், பெண்ணை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது மணல் கொதித்துக்கொண்டிருந்தது. முன்னால் சுந்தரபாண்டி, பின்னால் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஒச்சம்மாள். முதல் கியரில் கார் ஊர்ந்தது. ஊர்கிற வேகத்தில் ஜன்னல் வழியாகக் காற்று ஒரு துளியும் வரவில்லை. பெண் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். ஒச்சம்மாள் முந்தானையால் விசிறிப் பார்த்தாள். வியர்வையில் நனைந்து அது சுருண்டுகொண்டது.

"காத்தே இல்லியே அய்யா. பிள்ளைக்கு மூச்சு முட்டுதே. செத்த வேகமாப் போகக் கூடாதா?"

"இதுக்கு மேல போகப்படாது ஆத்தா. இவுக இழுத்துருவாக. பேசாம இரு."

நடு ஆறு வந்தது. எஞ்சினின் குரல் அடியில் இறங்கியது. இன்னும் இறங்கியது. பூமிநாதன் காலை அசைக்கவில்லை. கண்ணை மணலிலிருந்து எடுக்காமல், ஒரு கையால் சட்டைப்பையைத் துழாவி, அந்தப் பழுப்புக் கவரை எடுத்துத் தோளுக்குப் பின்னால் நீட்டினார்.

"இந்தா, இத வச்சு விசிறு. கெட்டியா இருக்கு."

ஒச்சம்மாள் வாங்கி மகளின் முகத்துக்கு நேராக விசிறத் தொடங்கினாள். கார் இக்கரையில் மூக்கைத் தூக்கியது. பிரிக்காத அந்தக் கடிதம் வந்த தேதி 1991 மார்ச் 11.