சுயம்புலிங்கத்தின் கிருமி

சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள பரிசோதனைக்கூடத்தில் ஞானபூரணம் அக்கா பதினான்கு வருடங்களாக வேலை பார்க்கிறார். சீழில் இருக்கும் கிருமியைத் தட்டில் வளர்த்து, அது எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்க்க வேண்டும். கிருமியின் மேல் மருந்து தோய்த்த சின்ன வட்டக் காகிதங்களை வைப்பார். மருந்து பலித்தால் காகிதத்தைச் சுற்றி வெற்று வளையம் விழும்.

போன ஆடியில் அவருடைய கணவர் சுயம்புலிங்கத்தின் சீழ் வந்தது. விசைத்தறிக்காரர், சர்க்கரை உண்டு. காலில் இரும்பு கிழித்த புண்.

மறுநாள் தட்டை வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்திருந்தவர், கூட வேலை பார்க்கும் என்னிடம் நீட்டினார். "எனக்குக் கண்ணு தெரியலயோ என்னமோ. நீ பாருடே."

பதினொரு காகிதங்கள். ஒரு வளையமும் இல்லை.

காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் 'ஒரு செட்டு' என்று கேட்டால் போதும், இரண்டு வேளை மாத்திரையை மடித்துத் தருவார்கள். சுயம்புலிங்கம் ஒரு வேளை போட்டுவிட்டுத் தறிக்குப் போவார். மீதி அடுத்த காய்ச்சலுக்கு. இப்படிப் பல வருடம்; அரைகுறை மருந்துக்குக் கிருமி பழகிப்போனது. வாங்கிப் போனது அக்காதான். கடை அவர் வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறது.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். நான் பார்க்கப் போனபோதும் சுயம்புலிங்கம் அக்காவிடம் கேலியை விடவில்லை.

"ஏட்டி, ஊர்க் கிருமிக்கெல்லாம் ஜாதகம் பாக்குதியே, என் கிருமி என்ன ராசி?"

"உங்க ராசிதான். சொன்னா கேக்காது."

மதுரையில் ஜெய்னப் என்ற ஆய்வாளரின் குழு, உள்ளே நுழையும் மருந்தைக் கிருமி வெளியே தள்ளிவிடாமல் தடுக்கும் சேர்மத்தைத் தேடிக்கொண்டிருந்தது. அது கிடைத்தால் தோற்றுப்போன பழைய மருந்தே மறுபடி வேலை செய்யும். அக்கா கிருமியை ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தார். அதற்குள் சுயம்புலிங்கத்துக்கு விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அக்கா வேலைக்கு வந்த அன்று ஜெய்னப்பின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, எங்க சேர்மத்தச் சேத்து வச்சதுல வளையம் விழுந்திருக்கு. நல்ல அகலம்."

"எந்த மருந்துக்கு?"

பெயரைச் சொன்னார். செட்டில் தருகிற மாத்திரைதான் அது.

"அப்ப குடுக்கலாமா?"

"தட்டுலதான் அக்கா. இனி எலிக்குப் பாக்கணும். மனுசங்களுக்கு வர வருசக்கணக்காகும்." கொஞ்சம் தயங்கினார். "அங்கயும் அந்தக் கிருமி ஒரு குழாய்ல இருக்கட்டும். சாகவிட்டுராதீங்க."

மாதம் ஒரு முறை அக்கா அதைப் புதிய ஊட்டத்துக்கு மாற்றுகிறார். குழாயில் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும்தான். நேற்று குழாயைத் தூக்கிப் பார்த்தவர், "நல்லா வளந்திருக்கு" என்றார்.