நாலு மூலையிலும் மஞ்சள்

சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் வந்த வருடம், ஸ்காபரோவில் நான் நடத்திய மிக்சர் கம்பனி அமெரிக்காவுக்குச் சரக்கு அனுப்பத் தயாரானது. பொருள் கனடாவில்தான் செய்யப்பட்டது என்று ஒரு சான்றிதழ் கொடுத்தால் வரி இல்லை. என் கந்தோரில் வேலை செய்த, நாங்கள் எல்லோரும் அன்ரி என்று கூப்பிட்ட வயதான அம்மா ஒரு கிழமை மினக்கெட்டு, இரண்டு லொறிகளுக்கும் இரண்டு சான்றிதழ்களைப் பிழையில்லாமல் ரைப் அடித்தார்.

முதல் ஏற்றுமதி அல்லவா? முதல் லொறிக்கான சான்றிதழின் தலையில் நான் பிள்ளையார் சுழி போட்டு, நாலு மூலையிலும் மஞ்சள் பூசினேன்.

"தம்பி, உது அரசாங்கக் கடதாசி," என்றார் அன்ரி.

"நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

பஃபலோ எல்லையில் அமெரிக்கச் சுங்க அதிகாரி, பத்திரத்தில் யாரோ கிறுக்கியிருக்கிறார்கள் என்று லொறியைத் திருப்பிவிட்டான்.

வேலையாட்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, அவர்களுக்கு முன்னால் அன்ரியை ஏசினேன். "ஒரு போம் நிரப்பத் தெரியாத ஆளுக்கு இங்க என்ன வேலை? நாளைக்கு வராதேங்கோ."

அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. குளிர் ஜாக்கெற்றைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அடுத்த கிழமை இரண்டாவது லொறி ஒரு கேள்வியும் இல்லாமல் எல்லை தாண்டியது. அதோடு போனது அன்ரி அடித்துவைத்த மற்றச் சான்றிதழ். அதில் என் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் நான் வைக்கவில்லை.