நூற்று நாற்பது ரிங்கிட் கண்ணாடி

அபூபக்கர் பாய்க்கு நான் நூற்று நாற்பது ரிங்கிட் கடன்பட்டிருந்தேன். பத்து மாதம். நான்காம் வகுப்போடு படிப்பு முடிந்து, ரப்பர் எஸ்டேட்டில் பால் வாளி தூக்கி, இன்று மாசாய் டவுனில் மூன்று லாரிக்குச் சொந்தக்காரனாக இருக்கும் இந்தச் செல்லப்பன், வங்கிக் கடனையே தவணைக்கு முன்னால் அடைத்தவன். இந்தக் கடனை மட்டும் அடைக்க முடியவில்லை.

பணம் இல்லாமல் அல்ல, பாய் வாங்க மறுத்தார்.

முழங்கால் தேய்ந்தது என்று டாக்டர் நீந்தச் சொன்னபோது எனக்கு அறுபத்தொன்று. இரண்டே வருடத்தில் பெர்மாஸ் ஜெயா நீச்சல் குளத்தில் என் வயதுக்காரர் யாரும் என்னை முந்த முடியாது. முதியோர் போட்டியில் பெயர் கொடுத்தேன். மேடையிலிருந்து பாய்ந்ததும் நீச்சல் கண்ணாடி கழுத்துக்கு இறங்கிவிட்டது. கண் தெரியாமல் தடம் பிரிக்கும் கயிற்றில் மோதிக் கடைசியாக வந்தேன். கண்ணாடியைக் குப்பையில் போட்டேன்.

என் வீட்டுக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய், சிங்கப்பூரிலிருந்து நல்ல கண்ணாடி ஒன்று வாங்கி வந்தார். நான் பணத்தை நீட்டினேன்.

“இப்ப வேணாம்ணே. இது கண்ணுல நின்னு ஒரு ரேஸ் முடிச்ச அன்னைக்கு வாங்கிக்கிறேன். அதுவரைக்கும் கடன்தான் லா.”

அடுத்த போட்டியிலும் கழன்றது. மறுநாள் கடையில் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: “அண்ணன் கண்ணாடிய தாலி மாதிரி கழுத்துல கட்டிக்கிட்டு வர்றாரு.”

மண்டை வலிக்கும்வரை கண்ணாடியின் வாரை இறுக்கினேன். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைப்பதைக்கூட நிறுத்தினேன். பலனில்லை.

ஒரு காலை குளக்கரையில் உட்கார்ந்திருந்த என் மனைவி ராசம்மா சொன்னாள்: “இங்க என்ன ரோடா இருக்கு? தலையத் தூக்கிப் பாத்துக்கிட்டே பாயுறீங்க.”

நாற்பது வருடம் லாரி ஓட்டிய கண், முன்னால் பார்க்காமல் எங்கும் போகாது. அதனால்தான் தண்ணீர் நேராக முகத்தில் அடித்துக் கண்ணாடியைப் பிடுங்கியது. அவள் சொன்னது ஒரு வரி, மீதியெல்லாம் என் மூளை. வாரைப் பின்மண்டையில் ஏற்றிப் போட்டு, மேலே தொப்பியை மாட்டினேன். தாடை நெஞ்சோடு ஒட்ட, காது இரண்டும் கைகளுக்கு நடுவே, உச்சந்தலை கைகளைத் தொடர்ந்து தண்ணீருக்குள் போக வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது பாய்ச்சல், மூன்று மாதம்.

மூன்றாம் போட்டி. ஐம்பது மீட்டர், எட்டுப் பேர். விசில் ஊதியதும் எங்கே போகிறோம் என்று பார்க்காமல் பாய்ந்தேன். லாரிக்காரனுக்கு அதைவிடப் பயம் வேறில்லை. தண்ணீர் தலைமேல் வழுக்கிப் போனது. கண்ணைத் திறந்தேன். குளத்தின் அடியில் கருப்புக் கோடு, நெடுஞ்சாலை மாதிரி நேராகத் தெரிந்தது. அப்புறம் என்னை யார் பிடிப்பது? சுவரைத் தொட்டுத் திரும்பிப் பார்த்தேன், அடுத்தவர் இன்னும் வந்துகொண்டிருந்தார்.

பார்வையாளர் படிக்கட்டின் உச்சியில் பாய் உட்கார்ந்திருந்தார். ராசம்மாவின் பையிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு ஈரத்தோடு படியேறினேன்.

“அப்புறம் குடுங்கண்ணே, தலையத் துடைங்க.”

“கையை நீட்டுங்க பாய்.”

நீட்டினார். கண்ணாடியைக் கழற்றாமலே, ஐம்பதில் இரண்டு, இருபதில் இரண்டு, ஒவ்வொன்றாக அவர் உள்ளங்கையில் எண்ணி வைத்தேன்.