உரிக்காத பிளாஸ்டிக் தாள்

போத்தனூர்ப் பெரியப்பாவின் மகன், எங்கள் செந்திலண்ணன், கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்று வாங்கியிருக்கிறார். "4கே திரை அம்மணி! ஒவ்வொரு புல்லும் தனித்தனியாத் தெரியுது" என்று நீட்டினார். கம்பெனியிலிருந்தே ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாள் திரைமேல் அப்படியே இருந்தது, ஓரத்தில் காற்றுக் குமிழிகளோடு.

அதே குமிழிகள், நான் பள்ளியில் படித்தபோது, பெரியப்பாவின் பிரிக் கேமிலும் இருந்தன; மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் பழைய கையடக்க ஆட்டம் அது. அதன் திரை மொத்தமே இருநூறு கறுப்புக் கட்டங்கள். டிவி, ரிமோட், சுவர்க்கடிகாரம், பிரிக் கேம் என்று அந்த வீட்டில் எதிலும் தாளை உரிக்கக் கூடாது. கீறல்களுக்கு நடுவே கட்டை விழுவது தெரியாமல் நான் தோற்றுக்கொண்டே இருந்தேன். ஒரு முழுப்பரீட்சை லீவில் ரகசியமாக உரித்தேன். அன்றே பெரியப்பாவின் சாதனையை முறியடித்தேன். அவர் திரையைத் தடவிப் பார்த்தார்.

"தாளை உரிச்சுப்போட்டு ஆடுனாச் செல்லாதுங்க அம்மணி."

பேட்டரியைக் கழற்றினார். என் சாதனை அழிந்தது.

அண்ணனின் கருவி ஒரு மணி நேரத்திலேயே சார்ஜ் இல்லை என்று அலறியது.

"தாளை உரிச்சுறட்டுங்களாண்ணா?"

"ஐயோ, கீறல் விழுந்துரும் கண்ணு!"

சார்ஜ் கூடுதல் நேரம் நிற்கட்டும் என்று, அவருக்குத் தெரியாமல் செட்டிங்ஸில் திரைத் தெளிவைப் பாதிக்குக் கீழே குறைத்துக் கொடுத்தேன். அண்ணன் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"பாத்தியா? ஒவ்வொரு புல்லும்!"