முகம் தெரியாத படம்

ஹீல்ஸ் போட்டுக்கொண்டு கண்டியில் நடப்பது விலை கொடுத்து வாங்கும் வினை. பத்தடிக்கு ஓர் ஏற்றம், அடுத்த பத்தடிக்கு ஓர் இறக்கம், மழை பெய்தால் படியெல்லாம் பாசி. இருந்தும் போடுகிறோமே, எங்களைச் சொல்ல வேண்டும். நான் ஐந்தடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. கல்யாண வீட்டில் நாலு பெண்கள் நின்று கதைத்தால் என் கண்ணுக்கு அவர்களுடைய தோள்பட்டைதான் தெரியும். அதனால் யார் என்ன சொன்னாலும் நான் ஹீல்ஸை விடுவதாக இல்லை.

ஒரு நாள் டவுனுக்குப் போய்விட்டு மாத்தளை பஸ்ஸில் வந்து அலவத்துகொடையில் இறங்கினேன். நான் இறங்கினேன், என் வலது சப்பாத்து இறங்கவில்லை. குதியைவிட்டுக் கழன்று மிதிபலகையிலேயே நின்றுவிட்டது. பஸ் அதை ஏற்றிக்கொண்டு மாத்தளைக்குப் போயிற்று. நான் அபாயாவுக்குள் ஒரு கால் மேடும் ஒரு கால் பள்ளமுமாக வீடு வந்து சேர்ந்ததைப் பார்த்து என் தாத்தா கதவைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காவைத்தான் தாத்தா என்போம். எனக்கு அவள் ஒருத்திதான் தாத்தா. மேல்மாடி அவளுடையது, கீழ்வீடு என்னுடையது. சிரித்து ஓய்ந்த பிறகு அவளே கேட்டாள், ஊருக்கெல்லாம் அபாயா தைக்கிறவள் தன் சப்பாத்துக்கு ஒரு பட்டி தைத்துப் போட மாட்டாளா என்று.

அப்படித்தான் தொடங்கியது. முதல் பட்டியை அபாயாவில் மிஞ்சிய கறுப்புத் துணியில் தைத்தேன், உள்ளே இலாஸ்டிக் வைத்து. சப்பாத்தின் அடியில் குதிக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தில் கொடுத்து மேலே எடுத்து, கணுக்காலைச் சுற்றி வந்து பிரஸ் பட்டனில் பூட்டிவிட்டால் சரி. கால் அசையாது, குதி கழலாது. வேண்டாமென்றால் ஒரு நொடியில் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம். சப்பாத்தில் ஓர் ஊசி குத்தத் தேவையில்லை. கறுப்பில் ஒன்று, பொன்னிறத்தில் ஒன்று, முத்து வைத்து ஒன்று என்று தைக்கத் தைக்க, ஒரே சப்பாத்து நாலு சப்பாத்துப்போல ஆனது. புல்வெளியில் குதி புதையாமல் இருக்க அடியில் மாட்டும் ரப்பர் மூடிகளையும் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன்.

மணப்பெண்கள் வரத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். மணப்பெண்ணுக்கு நாலங்குலக் குதி, பத்துக் கிலோ உடுப்பு, கண்ணாடிபோலப் பளபளக்கும் மண்டபத் தரை. வாசலிலிருந்து மேடைவரை நடப்பதற்குள் உம்மாமாருக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். நான் வீட்டுக்கே போய், கதவைச் சாத்திக்கொண்டு, பிள்ளையைக் கதிரையில் இருத்தி, தரையில் முழங்காலிட்டு அளவெடுப்பேன். சப்பாத்துக் கடைக்காரர் அறியாத சங்கதியெல்லாம் எனக்குத் தெரிய வரும். ஒருத்திக்கு ஒரு கால் மற்றதைவிடச் சின்னது, ஒருத்திக்கு விரல் மேல் விரல் ஏறியிருக்கும். அதெல்லாம் என்னை நம்பி ஒப்படைத்த அமானிதம். என் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை. அறைக்குள் யாரும் போன் எடுக்கக் கூடாது என்பது என் சட்டம். அதை நானே போட்டேன், நானே பெருமையாகச் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

இந்தச் சட்டம் ஏன் என்று எங்கள் கல்யாணங்களைக் கண்டவர்களுக்குத் தெரியும். பெண்கள் பக்கம் தனி. படம் எடுக்க வேண்டாமென்று வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். படம் எடுக்காத சபைதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். போனில் எடுக்க முடியாததையெல்லாம் எங்கள் பெண்கள் கண்ணால் எடுத்துக்கொண்டு போவார்கள். மணப்பெண்ணின் கைத்தையல் எத்தனை வரிசை, சப்பாத்து என்ன நிறம், பட்டியில் எத்தனை முத்து என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டாலும் பிசகாமல் சொல்வார்கள்.

தாத்தா எப்போதும் என்னோடு வருவாள். எனக்குக் கை ஓடும், வாய் ஓடாது. அவளுக்கு வாய்தான் மூலதனம். உம்மாமாரோடு கதைத்து, நாள் குறித்து, எந்த உடுப்புக்கு எந்த நிறம் என்று தீர்மானிப்பதெல்லாம் அவள்தான். எங்கள் வேலைக்கென்று ஊரெல்லாம் பார்க்கிற மாதிரி போனில் ஒரு பக்கமும் திறந்து வைத்திருந்தாள். அதில் நான் தைத்த பட்டிகளை மேசைமேல் பரப்பி எடுத்த படங்கள்தான் இருந்தன. மேசைமேல் கிடக்கிற பட்டியை யார் பார்ப்பார்கள், காலில் போட்டதைக் காட்டினால் அல்லவா எடுபடும் என்று நச்சரிப்பாள். அது நடக்காது என்று நான் ஒரே பேச்சில் முடித்துவிடுவேன்.

அக்குறணைப் பக்கமிருந்து ஒரு பிள்ளை எனக்குத் தானே போனில் கோல் எடுத்தாள். அடுத்த மாதம் கல்யாணம். உம்மா வழியாகச் சொல்லாமல் பிள்ளையே எடுக்கிறாளே என்று எனக்கு ஆச்சரியம். அவளுடைய இடது காலில், கணுக்காலிலிருந்து விரல்வரை, சின்ன வயதில் கொதிக்கும் கஞ்சி கொட்டிய தழும்பு இருக்கிறதாம். மாப்பிள்ளைக்குச் சொல்லிவிட்டாளாம், அவருக்கு அது ஒரு விஷயமே இல்லையாம். ஆனால் மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்குத் தெரியாது. கல்யாணத்தன்று மேடையில் நூறு பேர் குனிந்து குனிந்து பார்ப்பதை அவளால் தாங்க முடியாது. தழும்பை மூடுகிற மாதிரி அகலமாக ஒரு பட்டி வேண்டும் என்றாள்.

"மாமிக்கு நான் சொல்லத்தான் போற. ஆனா நான் சொல்ற நாள்ல, நானே சொல்லணும்," என்றாள். "நீங்க மட்டும் வாங்கோ."

போகும் நாளில் பேய் மழை. தாத்தா வழக்கம்போல உடுத்திக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். நானும் வழக்கம்போலக் குடையைக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் கண்டு ஒரு கணம் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே கூட்டிப் போனாள்.

பட்டப்பகலில் அறை இருட்டிக் கிடந்தது. மழைக்குக் கரண்டும் போயிருந்தது. தழும்பின் ஓரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அரை அங்குலம் பிழைத்தால் மேடையில் அது வெளியே தெரிந்துவிடும். "தாத்தா, போனை எடுத்து டோர்ச்ச கொஞ்சம் அடிங்கோ," என்றேன். என் சட்டத்தை என் வாயாலேயே உடைத்தேன். தாத்தா எனக்குப் பின்னால் நின்று வெளிச்சம் பிடித்தாள். நான் குனிந்த தலை நிமிராமல் அளவெடுத்தேன், காகிதத்தில் வெட்டிய மாதிரியைக் காலில் வைத்துப் பார்த்தேன். அடுத்த கிழமை தைத்த பட்டியைப் போட்டுப் பார்க்கப் போனபோதும் அதே அறை, அதே மழை இருட்டு, தாத்தாவின் கையில் அதே வெளிச்சம். பிள்ளையின் தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பிய சிவப்பு நிறச் சப்பாத்தில், பொன் நூலும் சின்ன முத்துகளும் வைத்த அகலப் பட்டி. அவள் எழுந்து அறைக்குள் இரண்டு சுற்று நடந்தாள். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தபடியே இருந்தாள். என் கையைப் பிடித்து, இந்தக் காலை இவ்வளவு நேரம் தான் பார்த்ததே இல்லை என்று சொன்னாள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. நானும் போயிருந்தேன். மேடைக்கு அவள் ஏறிய அழகைப் பார்த்து, மாஷா அல்லாஹ், சபையே வாய் பிளந்தது. அந்தப் பட்டியை எங்கே வாங்கியது என்று எத்தனை பேர் கேட்டார்கள்! மாப்பிள்ளையின் மாமிமார் மேடையோரம் குனிந்து முத்துகளை எண்ணினார்கள். எண்ணட்டும் என்று நான் பிரியாணியைச் சாப்பிட்டேன். அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே தலைக்கனம்தான்.

பத்து நாள் கழித்து, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளையின் உம்மா ஒரு முச்சக்கரவண்டியில் தனியாக வந்து இறங்கினார். சலாம் சொன்னார். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. தன் போனை என்னிடம் நீட்டினார். தாத்தா திறந்து வைத்த அந்தப் பக்கத்தில் இரண்டு படங்கள் அருகருகே இருந்தன. ஒன்றில் சிவப்புச் சப்பாத்துக்குள் வெறும் கால், தழும்பு முழுதாக. மற்றதில் அதே காலில் பட்டி. பட்டிக்கு முன், பட்டிக்குப் பின் என்று எழுதியிருந்தது. எதையும் மறைக்கலாம், வாங்கோ என்றும் எழுதியிருந்தது.

முகம் இல்லை. பெயர் இல்லை. ஆனால் அந்தச் சிவப்பையும் அந்த முத்துகளையும் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பத்து நாளைக்கு முன்னால்தான் கண்ணால் எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். காலைச் சாப்பாட்டு மேசையில், எல்லாரும் இருக்கும்போது, மாப்பிள்ளையின் மூத்த மாமி புதுப் பெண்ணின் பாவாடை ஓரத்தைத் தன் கையால் தூக்கிப் பார்த்தாராம். காலை மறைத்தவர்கள் இன்னும் எதை மறைத்தார்களோ என்று ஒரு சொல்லும் விழுந்ததாம். பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம். மாப்பிள்ளை தன் மாமியோடு சண்டை பிடித்தாராம். பிடித்து என்ன? ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

மேல்மாடியைப் பார்த்துத் தாத்தாவைக் கூப்பிட்டேன். இறங்கி வந்தாள், போனைப் பார்த்தாள். அவள் முகத்தில் கொஞ்சமாவது அதிர்ச்சி வரும் என்று நான் எதிர்பார்த்தேன். முகம் தெரியவில்லைதானே, முகம் இல்லாத படத்தில் யாருக்கு என்ன குறை என்று கேட்டாள். அந்த உம்மா அவளை விட்டு என் பக்கம் திரும்பினார். இதை எடுத்தது யார் என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

தாத்தாவே சொல்லட்டும் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். பொழுது விடிந்தால் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கிறோம், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம், சொல்லுவாள் என்றுதான் அந்த நேரத்திலும் நம்பினேன்.

"போனை எடுக்கச் சொன்னது நீதானே தங்கச்சி," என்றாள் தாத்தா. "நானாகவா எடுத்த?"

ஒரு சொல் பொய் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. ஒரு பொய் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அந்த உம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். போனைப் பையில் வைத்துக்கொண்டு, அல்லாஹ் பார்த்துக்கொள்வான் என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிப் போய்விட்டார். தாத்தா படத்தை அழித்துவிட்டாள். அழித்துவிட்டேனே, இன்னும் என்னத்துக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாய் என்று பின்னேரம் தேத்தண்ணியும் கொண்டு வந்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோப்பையை அப்படியே கை கழுவும் பேசினுக்குள் ஊற்றினேன். அந்தப் பிள்ளையை மட்டும் விற்றிருந்தால்கூட எனக்கு இவ்வளவு நொந்திருக்காது, இவள் என்னை அல்லவா விற்றாள். கூடவே இருந்து குழி பறிப்பது என்பார்களே, அது அந்நியர் செய்கிற வேலை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், என் சொந்த உம்மா வாப்பா மௌத்தான நாளில்கூட நான் அப்படி அழவில்லை.

பிள்ளை உம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டதும் மாப்புக் கேட்கப் போனேன். இந்த முறை தனியாகத்தான் போனேன். போகும் வழியெல்லாம் மனதுக்குள் ஒரே ஒரு விஷயம்தான். உண்மை அவளுக்குத் தெரிய வேண்டும், படம் எடுத்தது நான் இல்லை என்று தெரிந்தால் என்மேல் இருக்கிற வெறுப்பு இறங்கிவிடும். அவளே கதவைத் திறந்தாள். வீட்டுக்குள்ளேயும் காலுறை போட்டிருந்தாள். முன் அறையில் இருத்தினாள், தானும் எதிரில் இருந்தாள்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். டோர்ச் அடிக்கத்தான் சொன்னேன், எனக்குப் பின்னால் நின்று எடுத்தாள், எனக்குத் தெரியாமலேயே போட்டாள், பிறகு என் தலையிலேயே பழியையும் போட்டாள், என் சொந்தத் தாத்தா இப்படிச் செய்தாள் என்று அழுதேன். அவள், நான் மூக்கைத் துடைத்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எடுக்கல்ல எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றாள். "ஒங்கட தாத்தாவோட எனக்குக் கோவமும் இல்ல. அவ ஆரெண்டே எனக்குத் தெரியா. நான் ஒங்கள மட்டும் வரச் சொன்ன. நீங்கதானே அவவக் கூட்டிக்கொண்டு வந்த?"

கோபமாகக்கூட அவள் அதைக் கேட்கவில்லை. நான் பதில் சொல்வேன் என்று உண்மையாகவே காத்திருந்தாள். அவள் என் தாத்தா, வேறு ஆள் இல்லையே என்று சொல்லத்தான் என் வாய் திறந்தது. தாத்தா சொன்னதைப்போல அதிலும் ஒரு சொல் பொய் இல்லை என்று நினைவு வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.