பின் சீட்டில் அவள் சொன்ன எண்கள்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மதியம் இரண்டு மணிக்கு நானும் என் மனைவியும் பைக்கில் கிளம்புவோம். சுமார் ஒன்றரை வருடம் இது அநேகமாகத் தவறாமல் நடந்தது. பார்த்தவர்கள் கடற்கரைக்குப் போகிறோம் என்று நினைத்திருப்பார்கள். பின்னால் இருக்கிறவள் என் காதுக்குள் "பதிமூணு எட்டு, பதினாலு, பதினாலு ரெண்டு" என்று கத்திக்கொண்டு வந்தது அவர்களுக்குக் கேட்டிருக்காது.

நான் ஓசூரில் எஞ்சின்களைச் சோதிக்கும் ஒரு கம்பெனியில் சில வருடங்கள் இருந்தவன். கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகும் சாலையில், எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஷெட் போட்டு ஒர்க்‌ஷாப் வைத்தேன். பழைய பைக்குகளில் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு, பெட்ரோலை அளந்து பீய்ச்சும் இன்ஜெக்டர் வைக்கலாம், அதற்கான கண்ட்ரோலரை நானே செய்யலாம் என்பது என் திட்டம். தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு பெட்டி. அதற்குள் ஒரு அட்டவணை. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, ஆக்ஸிலேட்டரை எவ்வளவு திருகியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் பெட்ரோலின் அளவு ஒரு எண்ணாக இருக்கும்.

அந்த எண்களைச் சரியாக்குவதுதான் பாடு. சைலன்சர் குழாயில் ஒரு சென்சார் பொருத்தியிருந்தேன். காற்றும் பெட்ரோலும் எந்த விகிதத்தில் எரிந்தன என்று அது சொல்லும். பதினான்கை ஒட்டி நின்றால் நல்லது. பன்னிரண்டுக்கு இறங்கினால் பெட்ரோல் கூடுதல். பதினாறு என்றால் போதவில்லை, எஞ்சின் சூடேறும். ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்ப்பானா, எண்ணைப் பார்ப்பானா? அதனால் அவளைக் கூப்பிட்டேன்.

"எனக்கு வாரத்துல ஒரு நாளாக்கும் லீவு" என்றாள். "அதையும் உங்க வண்டிக்கு எழுதி வைக்கணுமா?"

"ஒரு மாசம் போதும். ஒரே மாசம்."

எண்கள் தெரியும் டேப்லெட் திரையைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு ஏறினாள். நான் ஒரே வேகத்தில் ஓட்டிக்கொண்டிருப்பேன். அவள் எண்ணைச் சொல்வாள். "ரெண்டு கூட்டு" என்பேன். அந்தக் கட்டத்தைத் தொட்டு இரண்டு கூட்டுவாள். இப்படியே தனுவச்சபுரம் தாண்டி, குளத்தூர் வழியாகக் காஞ்சிரங்குளம் வரை போவோம். மற்ற நாட்களில் அந்த ரோட்டில் கல்லூரிப் பிள்ளைகளை ஏற்றிய பஸ்கள் நெருக்கும். ஞாயிறு மதியம் நாய்கள்கூட நிழலில் படுத்திருக்கும்.

இரண்டு மூன்று வாரத்துக்குப் பிறகு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "பதினஞ்சரை, மூணு கூட்டியாச்சு" என்று அவளே முடித்துவிடுவாள். எண்களுக்கு நடுவே வேறு விஷயங்களும் வரும். வார்டில் ஒரு கிழவர் ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் ஒளிந்தது. மேட்ரனுடைய புதுக் கண்ணாடி. படுக்கையறைக்குக் கிழக்கே ஒரு ஜன்னல் வைக்க வேண்டும் என்ற ஆசை. எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊரார் அதைக் கேட்பதை நிறுத்தி விட்டிருந்தார்கள், அவள் நிறுத்தவில்லை. ஒருமுறை குளத்தூர் ஏற்றத்தில், "பதினாலு... நாம திருவனந்தபுரத்துல போய் இன்னொரு டாக்டரைப் பாப்பமா? ... பதினாலு ஒண்ணு" என்றாள். "பாப்பம்" என்று நானும் கத்தினேன். போய்ப் பார்த்தோம். பலன் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியை வீட்டுக்குள் வைத்து அவள் கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

ஒரு நாள் காஞ்சிரங்குளம் பக்கம் எண் திடீரென்று பதினாறுக்கு ஏறியது. கூட்டு என்றேன். கூட்டினாள். மறுபடியும் பதினாறு. மறுபடியும் கூட்டச் சொன்னேன்.

"வேண்டாம். நிறுத்துங்க."

"பெட்ரோல் போதலன்னு சென்சார் சொல்லுது. நீ கூட்டு."

"எனக்கு இங்க பெட்ரோல் மணக்குது. போதலன்னா எப்படி மணக்கும்? வண்டியை நிறுத்துங்க."

எரிச்சலோடு நிறுத்தினேன். ஓசூரில் நான் படித்ததையெல்லாம் இவள் மூக்கு மாற்றப் போகிறதா என்று இருந்தது. குனிந்து பார்த்தால், சைலன்சர் எஞ்சினோடு சேரும் இடத்தில் இடைவெளியை அடைக்கும் கேஸ்கட் பிய்ந்து போயிருந்தது. அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று உள்ளே புகுந்து சென்சாரை ஏமாற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் கூட்டிய பெட்ரோலெல்லாம் வீண்.

"வார்டுல மெஷின் ஒண்ணு சொல்லும், ஆளைப் பாத்தா வேற ஒண்ணு தெரியும்" என்றாள். "நாங்க ஆளைத்தான் முதல்ல பாப்போம்." பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி இரண்டு தின்றாள். ஜெயித்த முகம்.

அந்த வருடம் ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை விடாமல் பெய்தது. ஞாயிறுகளில் வெளியே போக முடியவில்லை. ஷெட்டில் உட்கார்ந்து, கண்ட்ரோலர் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் புரோகிராமை எழுதி முடித்தேன். சென்சார் சொல்வதைப் பார்த்து, ஓடும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் அதுவே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்ளும். ஓரளவுக்கு மேல் கூட்டவோ குறைக்கவோ வேண்டி வந்தால், திருத்துவதை நிறுத்திவிட்டு ஒரு சிவப்பு விளக்கைக் காட்டும். அந்த வரம்பை வைத்தது காஞ்சிரங்குளத்து அனுபவத்தால்தான். இன்றும் நான் செய்கிற எல்லாப் பெட்டியிலும் அது இருக்கிறது.

மழை விட்ட முதல் ஞாயிறு, நான் மட்டும் அதே வழியில் போய்த் திரும்பினேன். எந்த இடத்திலும் எஞ்சின் திணறவில்லை. சந்தோஷத்தில் வண்டியை அணைக்காமலே வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"முடிஞ்சுது! எல்லாம் அதுவே பாத்துக்கிடும். இனி நீ வெயில்ல அலையாண்டாம்."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "அப்போ நான் வராண்டாமா?"

"என்னத்துக்கு? நீ ரெஸ்ட் எடு."

"கொள்ளாம், நல்லதுதான்" என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. அவளுக்கு நல்லது செய்துவிட்டதாகவே நான் நினைத்தேன்.

காலியான அந்த மதியங்களில் அவள் படிக்க ஆரம்பித்தாள். கூட வேலை பார்த்த இரண்டு பேர் வெளிநாடு போக இங்கிலீஷ் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தார்கள். இவளும் எழுதினாள். முதல் தடவை போய்விட்டது, இரண்டாவது தடவை பாஸானாள். அயர்லாந்தில் வேலை கிடைத்தது. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் வைத்து என்னிடம், "நான் அங்க போய் கால் ஊணின உடனே நீங்களும் வந்திரணும்" என்றாள். வாறேன் என்றேன்.

நான் போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் பெட்டிக்கு ஆர்டர் வரத் தொடங்கியது. மார்த்தாண்டத்திலிருந்து, கொல்லத்திலிருந்து, அப்புறம் எங்கெங்கிருந்தோ பைக் வைத்திருப்பவர்கள் கூப்பிட்டார்கள். விசாப் பேப்பர்களை அனுப்பச் சொல்லி அவள் கேட்கும்போதெல்லாம், இந்த மழை முடியட்டும், இந்த ஓணம் முடியட்டும் என்றேன். கொஞ்ச நாளில் அவள் கேட்பது நின்றது. போனில் சாப்பாடு, உடம்பு, மழை என்று பேசி வைத்துவிடுவோம்.

போன கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் லீவில் வந்தாள். மெலிந்திருந்தாள். ஒரு ஞாயிறு மதியம் நானே கேட்டேன், குளத்தூர் வரை போய் வருவோமா என்று. ஏறி உட்கார்ந்தாள். டேப்லெட் இல்லாமல் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல் மடியில் கோத்துக்கொண்டாள். வண்டி சீராக ஓடியது. ஏற்றத்தில் அவள் ஏதோ சொன்னாள். காற்றில் கேட்கவில்லை.

"என்ன?"

"ஒண்ணும் இல்ல."

டீக்கடையில் நிறுத்தியபோது மறுபடியும் கேட்டேன். அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்கு அந்தப் பெட்ரோல் நாத்தம் பிடிக்கும்னா நினைச்சிய? வெயிலு, தலைவலி, மறுநாளு டூட்டி. ஆனாலும் வந்தேன். நான் வாயைத் திறந்தா உங்களுக்குக் காது தன்னால திரும்பும். நம்பர் சொல்லுதேனோன்னு. அந்த நேரத்துல நான் வேற எதைச் சொன்னாலும் கேட்டிய. வேற எப்பவும் கேட்டதில்ல."

கடைக்காரர் பழம்பொரி வேண்டுமா என்று மலையாளத்தில் கேட்டார். வேண்டாம் என்றாள். திரும்பி வரும்போது மெதுவாக ஓட்டினேன். முதுகில் அவள் நெற்றி பட்டதா, சுரிதார் ஷால்தான் பட்டதா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை. ஜனவரி முதல் வாரத்தில் போய்விட்டாள்.

அவள் போன மூன்றாம் நாள் விசாவுக்கு எழுதிப் போட்டேன். பேப்பர் ஒன்று சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். சரி செய்து மறுபடியும் போட்டிருக்கிறேன். இதைப் போனில் அவளிடம் சொன்னேன். "வரும்போது உங்க பெட்டியளையும் கொண்டு வாருங்க. இங்கயும் பழைய பைக்கெல்லாம் உண்டு" என்றாள்.

இப்போதெல்லாம் காலை ஷிஃப்ட் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது கூப்பிடுகிறாள். அங்கே மதியம், இங்கே சாயங்காலம். ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கையைக்கூடத் துடைக்காமல் போனை எடுக்கிறேன். இன்று ஒரு கிழவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். குளிரில் அவளுக்கு மூச்சு வாங்குவது கேட்கிறது. பஸ் வந்தாச்சு என்கிறாள். ஏறு, ஏறி உட்கார்ந்துவிட்டு மீதியைச் சொல்லு என்கிறேன்.