மைக்கா தகடும் சந்தனமும்

பெட்டி முதலில் வந்தது. அதற்குள் வைக்கும் சர்க்யூட் போர்டு அதற்கப்புறம்தான் வந்தது. எங்கள் கடையில் டிசைன் என்பது இந்த வரிசையில்தான் நடக்கும். தொண்ணூறுகளின் தொடக்கம், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ரேடியோ ரிப்பேர் கடை. டிப்ளமா முடித்த நான் அங்கே ‘டிசைன் இன்ஜினியர்’. அந்தப் பட்டத்தைக் கொடுத்தவரும் முதலாளி அண்ணாச்சிதான், காலையில் கடையைப் பெருக்கச் சொன்னவரும் அவர்தான்.

ஆழ்வார்குறிச்சியில் பிரசவம் பார்க்கும் டாக்டரம்மா ஒருவர் வந்தார். “அண்ணாச்சி, கரண்ட் போனா விளக்கு தானா எரியணும். போன வாரம் டார்ச் வெளிச்சத்துல ஒரு பிள்ளைக்குத் தையல் போட்டேன். இன்னொரு தடவ என்னால ஆவாது.”

அண்ணாச்சி அன்றைக்கே வீட்டில் பழைய டிரங்குப் பெட்டித் தகரத்தை வெட்டி, மடக்கி, பச்சை பெயிண்ட் அடித்து ஒரு பெட்டி செய்துவிட்டார். கரண்ட் போனதும் பல்பைப் பேட்டரிக்கு மாற்றும் பவர் சப்ளை போர்டை அதற்குள் அடக்குவது என் பாடு. ஃபியூஸுக்கு ஓர் ஓட்டை கேட்டேன்.

“பெட்டி லட்சணம் கெட்டுரும்லே” என்றார்.

சூட்டை இறக்கும் ஹீட் சிங்க் வைக்கவும் இடமில்லை. டிரான்சிஸ்டரைப் பெட்டிச் சுவரிலேயே முடுக்கினேன். அதன் உடம்பிலேயே பேட்டரியின் பாசிட்டிவ் இருக்கும், பெட்டியோ நெகட்டிவ். இரண்டும் தொட்டால் ஷார்ட். அதனால் நடுவே காகிதம்போல, கரண்ட் கடத்தாத ஒரு மைக்கா தகடு, சூடு கடத்த இருபுறமும் வெள்ளைப் பசை. பல்பை மாட்டி எரித்துப் பார்த்தேன், அருமையாக எரிந்தது. நிம்மதியாக ஆயுத பூஜைக்கு ஊருக்குப் போனேன். புத்திசாலி இல்லையா!

விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து, பேட்டரியைத் தனியாகவும் பெட்டியைத் தனியாகவும் பஸ்ஸில் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் எங்களை வரவேற்கவென்றே கரண்ட் போயிருந்தது. வெளியே அடைமழை. உள்ளே ஜன்னல் சாத்திய அறையில் ஒரு பெண் வலியில் கத்திக்கொண்டிருந்தாள்.

“சீக்கிரம் மாட்டுங்க! தலை தெரியுது!” என்றார் டாக்டரம்மா.

பல்பைப் பிடித்துக்கொண்டு பேட்டரியை இணைத்தேன். பல்பு எரியவில்லை, வயர் எரிந்தது. பெட்டியிலிருந்து சந்தன வாசத்தோடு புகை கிளம்பியது. விரலைச் சுட்டுக்கொண்டு வயரைப் பிடுங்கினேன்.

“அண்ணாச்சி, நான் விளக்குதான் கேட்டேன், சாம்பிராணி கேக்கல!”

மூடியைக் கழற்றினேன். மைக்காவைக் காணோம், பசையைக் காணோம். அந்த இடத்தில் சந்தனமும் குங்குமமும் மங்களகரமாக இருந்தன.

“உள்ள சுண்ணாம்பு மாதிரி அப்பிக் கெடந்துச்சுலே. நடுவுல காயிதம் வேற. பூசைக்குக் கழத்தித் தொடச்சு, பொட்டு வச்சுத் திரும்ப முடுக்கிட்டேன்” என்றார் அண்ணாச்சி.

திட்ட நேரமில்லை. போர்டைத் தூர எறிந்துவிட்டு, நல்லதாக இரண்டு வயரை எடுத்து பேட்டரியிலிருந்து பல்புக்கு நேராகக் கொடுத்தேன். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, கை மரத்துப்போகும்வரை பல்பைத் தூக்கிப் பிடித்தேன். குழந்தை அழுததும் நானும் அழுதுவிட்டேன்.

டாக்டரம்மா கை கழுவிவிட்டு வந்து கேட்டார்: “தம்பி, ரெண்டு வயரு போதும்னா இந்தப் பெட்டி எதுக்கு?” அண்ணாச்சியும் அதே சந்தேகத்தோடு என்னைப் பார்த்தார்.

இளைய தலைமுறைக்குச் சொல்கிறேன்: கரண்டுக்கு மட்டும் டிசைன் பண்ணாதீர்கள், பெட்டியைத் திறக்கப்போகிற கைக்கும் சேர்த்துப் பண்ணுங்கள். அடுத்து செய்துகொடுத்த பெட்டியில் ஃபியூஸை வெளியே வைத்தேன். மூடிக்கு ஸ்க்ரூ வைக்காமல் சுற்றிலும் ரிவெட் அடித்தேன். ரிப்பேர் பார்க்க முடியாது, வாஸ்தவம்தான். பூஜையும் பண்ண முடியாது. அண்ணாச்சி தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், கீழே வைத்தார்.

“இப்பத்தாம்லே உனக்கு வேல பிடிபட்டிருக்கு” என்றார்.